சாக்லேட் போர்த்திய மார்ஷ்மெல்லோ குக்கி: கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டிக்கு

அடியில் மொறுமொறுப்பான குக்கி, அதன் மேல் மெத்தென்ற மார்ஷ்மெல்லோ, இரண்டையும் மூடிய சாக்லேட். அமெரிக்காவில் 1913 முதல் விற்கும் மாலோமார்ஸும், ஸ்காட்லாந்தில் 1956 முதல் விற்கும் டன்னாக்ஸ் டீகேக்கும் இந்தக் குடும்பம்தான். குளிர்சாதன வண்டிகள் இல்லாத நாளில் வெயிலில் சாக்லேட் உருகிவிடும் என்பதால் மாலோமார்ஸைக் கோடையில் விற்காமல் நிறுத்தினார்கள். அந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது.

சென்னையில் டிசம்பர் பகலிலேயே வெப்பம் 28, 29 டிகிரியைத் தொடும். வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். சாக்லேட்டுக்குச் சூடு ஆகாது, குக்கிக்கு ஈரம் ஆகாது, மார்ஷ்மெல்லோவுக்கு இரண்டுமே ஆகாது. அதனால் இங்கே செய்முறையைவிட வரிசைதான் முக்கியம். எதை எந்த நாளில் எந்த அறையில் செய்கிறீர்கள் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்குக் கடைசியில் கையில் ஒட்டும் கூழ்தான் மிஞ்சும்.

நாள் கணக்கு

24-ஆம் தேதி மாலை பெட்டி கைமாற வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

1. 20 அல்லது 21: குக்கி சுட்டு, நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஒரு வாரம் முன்பே சுட்டாலும் பாதகமில்லை.
2. 22 மாலை: குக்கியின் மேல் மெல்லிய சாக்லேட் பூச்சு. அது இறுகியதும் மார்ஷ்மெல்லோ பிழிந்து, இரவு முழுவதும் ஏசி அறையில் உலரவிடுங்கள்.
3. 23 காலை: சாக்லேட்டில் முக்குதல்.
4. 24: பெட்டியில் அடுக்குதல்.

இரவில் தட்டுகளை வைக்க ஏசி ஓடும் படுக்கையறையைவிட நல்ல இடம் இல்லை. சமையலறையில் வைத்தால் சாம்பார் ஆவியையும் சேர்த்துக் குடித்துக்கொள்ளும். மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. தட்டின் மேல் வலைமூடி போதும், இறுக்கமான மூடி வேண்டாம்.

தேவையானவை (சுமார் 30 குக்கிக்கு)

குக்கிக்கு: மைதா 200 கிராம், கோதுமை மாவு 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பால் 1 முதல் 2 டேபிள்ஸ்பூன்.

மார்ஷ்மெல்லோவுக்கு: சர்க்கரை 150 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 60 கிராம், தண்ணீர் 60 மி.லி., ஜெலட்டின் தூள் 10 கிராம், அதை ஊறவைக்கக் குளிர்ந்த நீர் 50 மி.லி., வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

மேல் பூச்சுக்கு: டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 600 கிராம்.

கருவிகள்: டிஜிட்டல் தராசு, மின்சார பீட்டர், சர்க்கரைப் பாகுக்கான வெப்பமானி, 1 செ.மீ. வாயுள்ள நாசிலுடன் பைப்பிங் பை, பட்டர் பேப்பர்.

டம்ளர் கணக்கில் அளக்காதீர்கள். ஜெலட்டின் 3 கிராம் கூடினால் ரப்பர், 3 கிராம் குறைந்தால் கூழ். வெப்பமானி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், வழி கீழே இருக்கிறது. பீட்டர் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். கையால் அடித்து மார்ஷ்மெல்லோவைப் பொங்கவைப்பது தோள்பட்டைக்கு ஆகாத வேலை.

குக்கி

1. வெண்ணெயையும் சர்க்கரைப் பொடியையும் நிறம் சற்று வெளுக்கும்வரை அடியுங்கள். நீண்ட நேரம் அடிக்க வேண்டாம். காற்று அதிகம் புகுந்தால் குக்கி அடுப்பில் பரவி வடிவம் கெடும்.
2. சலித்த மாவு, பேக்கிங் பவுடர், உப்பு சேர்த்து விரல் நுனியால் கலந்து, தேவையான பாலை மட்டும் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசையக் கூடாது. பிசைந்தால் குக்கி கடினமாகும்.
3. மாவைத் தட்டையாக்கி, மூடி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.
4. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, 5 செ.மீ. வட்டங்களாக வெட்டுங்கள். முள்கரண்டியால் இரண்டு இடத்தில் குத்துங்கள்; நடுவில் உப்பாது.
5. ஓ.டி.ஜி. அவனை 170 டிகிரிக்கு 15 நிமிடம் முன்சூடாக்கி, நடுத்தட்டில் 12 முதல் 14 நிமிடம் சுடுங்கள். ஓரம் இளம்பழுப்பானால் எடுத்துவிடலாம். சூட்டோடு தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது மொறுமொறுப்பாகும்.

தட்டை வெளியே எடுக்க உலர்ந்த கையுறையையே பயன்படுத்துங்கள். ஈரத் துணியால் பிடித்தால் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும்.

அவன் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கடையில் வாங்கிய மாரி பிஸ்கட்டோ டைஜெஸ்டிவ் பிஸ்கட்டோ அடித்தளமாக நன்றாகவே இருக்கும். இந்தத் தின்பண்டத்தில் குக்கியின் வேலை மொறுமொறுப்பைக் கொடுப்பது மட்டும்தான். உழைப்பை மார்ஷ்மெல்லோவுக்கு மிச்சம் பிடியுங்கள்.

மார்ஷ்மெல்லோ தொடங்குவதற்கு முன்

ஜெலட்டின் மாடு, பன்றி அல்லது மீனிலிருந்து எடுக்கப்படுவது. பரிசு போகும் வீடுகளில் சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியர்களும் இருப்பார்கள். உறையைப் படித்து எதிலிருந்து எடுத்தது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஹலால் ஜெலட்டின் கிடைக்கிறது. சைவ வீடுகளுக்குத் தனியாக ஒரு தட்டு செய்வதே மரியாதை. ஜெலட்டினுக்குப் பதில் அதே அளவு கடற்பாசியைப் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் அது பொங்காது, கெட்டியான ஜெல்லியாக நிற்கும். அதற்குப் பதில், பச்சைப் புள்ளி உள்ள சைவ மார்ஷ்மெல்லோவைக் கடையில் வாங்கிக் குறுக்கே பாதியாக வெட்டி, குக்கி சுட்டு முடியும் கடைசி ஒரு நிமிடத்தில் வெட்டுப்பக்கம் கீழே படும்படி வையுங்கள். இளகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆறவைத்து மற்றவைபோலவே முக்கலாம். இவற்றுக்கு மார்ஷ்மெல்லோவின் அடியில் சாக்லேட் பூச்சு தேவையில்லை.

மணம் மாற்ற விரும்பினால் எசன்ஸ் அல்லது ஏலப்பொடி சேருங்கள். பச்சை அன்னாசி, பப்பாளி, இஞ்சிச் சாறு கூடவே கூடாது. அவற்றிலுள்ள நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்துவிடும். எவ்வளவு அடித்தாலும் இறுகாது.

பாகு: கவனம் இங்கேதான்

115 டிகிரியில் இருக்கும் சர்க்கரைப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிட ஆபத்தானது. தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பாகு அடுப்பில் இருக்கும்போது பிள்ளைகள் சமையலறைக்குள் வரக் கூடாது. தொங்கும் துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியுள்ள ஆழமான பாத்திரம் எடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருக்கட்டும்.

மேலே பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள், தண்ணீரிலேயே கரையும். வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, வெண்ணெய், தோசைமாவு எதையும் தடவக் கூடாது. பெரிய கொப்புளமானாலும், முகத்தில் பட்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

இனி வேலை:

1. முதலில் குக்கிகளின் மேல்பக்கத்தில் உருக்கிய சாக்லேட்டைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசி இறுகவிடுங்கள். மார்ஷ்மெல்லோவின் ஈரம் குக்கிக்குள் இறங்காமல் தடுப்பது இந்தப் பூச்சுதான். பலரும் இதைத் தாண்டிப் போவார்கள். மூன்றாம் நாள் அவர்கள் குக்கி நமுத்துவிடும்.
2. பைப்பிங் பையில் நாசிலைப் பொருத்தி, ஓர் உயரமான டம்ளருக்குள் நிறுத்தி வையுங்கள். பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.
3. பீட்டர் கிண்ணத்தில் 50 மி.லி. குளிர்ந்த நீர் விட்டு, ஜெலட்டினை அதன் மேல் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் நடுவில் உலர்ந்த கட்டி தங்கும். பத்து நிமிடம் ஊறட்டும்.
4. சர்க்கரை, குளுக்கோஸ், 60 மி.லி. தண்ணீரை மிதமான தீயில் வைத்துச் சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். அதன்பின் கிளறினால் பாகு பூத்து மணலாகும். ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையால் வழித்துவிடுங்கள்.
5. வெப்பமானி 115 காட்டியதும் இறக்குங்கள். வெப்பமானி இல்லையா? அதிரசப் பாகுப் பதம் தெரிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வரவேண்டும். கம்பிப் பதத்தில் எடுத்தால் மார்ஷ்மெல்லோ நிற்காது. கல் மாதிரி உருண்டால் பதம் தப்பிவிட்டது.
6. குமிழி அடங்க ஒரு நிமிடம் பொறுத்து, பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கிண்ணத்தின் ஓரமாக மெல்லிய தாரையாகப் பாகை ஊற்றுங்கள். சுழலும் கம்பியின் மேல் விழுந்தால் சூடான பாகு தெறிக்கும்.
7. உப்பு சேர்த்து வேகத்தைக் கூட்டி 8 முதல் 10 நிமிடம் அடியுங்கள். வெள்ளையாகி, மூன்று மடங்கு பொங்கி, கிண்ணத்தின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாகும். பீட்டரைத் தூக்கினால் விழும் கனத்த நாடா சில நொடி கலையாமல் நிற்க வேண்டும். வெனிலா சேருங்கள்.
8. உடனே பைக்குள் நிரப்பி, குக்கியின் ஓரத்தில் 4 மி.மீ. விட்டு, குவிமாடமாகப் பிழியுங்கள். உங்களுக்கு ஐந்தாறு நிமிடம்தான் அவகாசம். கூர்மையான நுனி நின்றால் ஈரவிரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் சாக்லேட் பூச்சில் அந்த இடம் வெளியே தெரியும்.

பையில் இருக்கும்போதே இறுகிவிட்டால் சில நொடி வெந்நீரில் பையை நனைத்து, வெளிப்பக்கம் துடைத்துவிட்டுத் தொடரலாம். கிண்ணத்தையும் கம்பிகளையும் வெந்நீரில் ஊறப்போட்டால் தானாகக் கழன்றுவிடும்.

குறிப்பு, மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு: ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 115 வரை காத்திருந்தால் பாகு முறுகிப்போகும். 107, 108 போதும். எந்த ஊராக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதோடு 15 கூட்டினால் உங்கள் பதம் கிடைக்கும். வெப்பமானி பொய் சொன்னாலும் இந்தக் கணக்கு காப்பாற்றும்.

எந்தச் சாக்லேட்?

கொக்கோ வெண்ணெய் உள்ள கூவர்ச்சர் சாக்லேட்டின் ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் அதை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28-க்கு ஆற்றி, மீண்டும் 31, 32-க்குக் கொண்டுவரும் டெம்பரிங் வேலை தெரிந்திருக்க வேண்டும். அறையும் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். கடற்கரை ஊர்களில் முதல் முறை செய்பவர்களுக்கு என் யோசனை காம்பவுண்ட் சாக்லேட்தான். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். டெம்பரிங் வேண்டாம், உருக்கினால் தானாக இறுகும். ருசியில் ஒரு படி கீழேதான். அடியில் மார்ஷ்மெல்லோவின் இனிப்பு இருப்பதால், சர்க்கரை குறைந்த டார்க் வகையை எடுத்தால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. பால் சாக்லேட் வேண்டாம், திகட்டும்.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் கட்டிதட்டிப் புட்டு மாவுபோல் ஆகிவிடும். கிண்ணம், கரண்டி, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினால், மேல் கிண்ணத்தின் அடி நீரில் படக் கூடாது. கிண்ணத்தைத் தூக்கும்போது அடியில் வழியும் நீரை முதலில் துடையுங்கள். மைக்ரோவேவ் இருந்தால் பாதித் திறனில் 30 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுவது இதைவிடச் சுலபம்.

மிகவும் கெட்டியாக இருந்தால் மணமற்ற எண்ணெய் ஒன்றிரண்டு டீஸ்பூன் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பூச்சு இறுகாமல் விரலில் ஒட்டும்.

முக்குதல்

1. ஏசியை 22 அல்லது 23-இல் வைத்து, அரைமணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். மின்விசிறி வேண்டாம்.
2. மார்ஷ்மெல்லோவைத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் உலரட்டும்.
3. உருக்கிய சாக்லேட்டைக் குறுகலான ஆழக் கிண்ணத்தில் விடுங்கள். அகலக் கிண்ணத்தில் ஆழம் போதாது.
4. சூடு 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உதட்டுக்குக் கீழே ஒரு துளி வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாகத் தெரிந்தால் சரி. அதற்கு மேல் சூடிருந்தால் ஜெலட்டின் இளகி, பூச்சுக்குள் மார்ஷ்மெல்லோ சரிந்துவிடும்.
5. குக்கியின் விளிம்பைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, சாக்லேட் குக்கியைத் தொடும்வரை இறக்கி, லேசாகத் திருப்பித் தூக்குங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்து, நிமிர்த்திப் பட்டர் பேப்பரில் வையுங்கள்.
6. ஓட்டை தெரிந்தால் உடனே கரண்டியால் ஒரு சொட்டு விட்டு அடையுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை போதும், அதன் வழியாக ஈரம் புகுந்து மறுநாள் தேன் போல் கசியும்.
7. மேல்பக்கம் இறுகியதும் திருப்பி, அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். முழுதும் அடைபட்ட குக்கிதான் நம் காற்றில் தாக்குப்பிடிக்கும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைத்தால் இரண்டு கேடு. வெளியே எடுத்ததும் வியர்த்து, காய்ந்த பிறகு மேலே வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரைப் பூப்பு நிற்கும். முக்குவதற்கு முன் மார்ஷ்மெல்லோவைக் குளிரவைத்தால், உள்ளே அது மீண்டும் விரியும்போது பூச்சு வெடிக்கும். ஏசி இல்லாத வீடா? மழை இல்லாத நாளில், விடியற்காலை 5 மணிக்குத் தொடங்குங்கள். பெட்டிகள் ஏழெட்டு மட்டும் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் சீட்டும்

உணவுக்கு ஏற்ற அட்டைப் பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். இரண்டு அடுக்கு கட்டாயமானால் நடுவில் தடித்த அட்டை வேண்டும். செய்தித்தாள் கூடாது, அச்சு மை உணவில் படியும். வெள்ளி ஜரிகை, மினுமினுப்புத் தூள் போன்றவற்றைக் குக்கியின் மேல் தூவினால் அது சாப்பிடத் தகுந்தது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: செய்த தேதி, கோதுமை, பால், சோயா, ஜெலட்டின் உண்டு, முட்டை இல்லை என்ற வரி, ஜெலட்டின் எதிலிருந்து வந்தது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிடவும். சோயா எதற்கு என்றால், பெரும்பாலான சாக்லேட்டில் சோயா லெசித்தின் இருக்கும். நீங்கள் வாங்கியதன் உறையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சைவத் தட்டிலிருந்து போகும் பெட்டிக்குச் சீட்டைத் தனியாக எழுதுங்கள், பெட்டிகள் மாறிப்போகாமல் வேறு நிற ரிப்பன் கட்டுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம் என்று வாய்வார்த்தையாகவும் சொல்லிவிடுங்கள். மார்ஷ்மெல்லோ சிறுவர் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியது.

அக்கம்பக்கத்தார் கேட்டு, நீங்கள் விற்கவே தொடங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் அது பொருந்தும்.

கொண்டுபோவதைக் காலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ பெட்டியை விட்டுவிட்டுப் பேசப் போகாதீர்கள். கூரியரில் அனுப்பும் எண்ணத்தையும் கைவிடுங்கள். கிடங்குச் சூட்டில் இந்தப் பூச்சு தாங்காது. சாக்லேட் இல்லாத வெறும் குக்கி தகர டப்பாவில் பத்திரமாகப் போய்ச் சேரும். வெளியூர்க்காரர்களுக்கு அதையே அனுப்புங்கள்.